98 ஆண்களும் ஒரு வரைபடமும்: குடிநோய்க் கோட்பாடுகள் உருவான கதை

1945-இல் அமெரிக்காவில், குடியை விட விரும்புவோர் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கத்தின் உறுப்பினர்களுக்காக வந்துகொண்டிருந்த 'கிரேப்வைன்' என்ற சிறு இதழ் ஒரு கேள்வித்தாளை வெளியிட்டது. முதலில் குடித்தது எந்த வயதில், குடித்தபோது நடந்தது மறந்துபோக ஆரம்பித்தது எப்போது, காலையில் எழுந்ததும் குடிக்கத் தொடங்கியது எப்போது, இனி முடியாது என்று விழுந்தது எப்போது என்பது போன்ற கேள்விகள். 158 பேர் பதில் அனுப்பினார்கள். யேல் பல்கலைக்கழகத்தில் மது குறித்த ஆய்வில் இருந்த ஈ. எம். ஜெல்லினெக்கிடம் அவை போய்ச் சேர்ந்தன. சரியாக நிரப்பப்படாதவற்றையும் பெண்கள் அனுப்பியவற்றையும் அவர் ஒதுக்கிவைத்தார். மிஞ்சிய 98 ஆண்களின் பதில்களைக் கொண்டு 1946-இல் ஒரு கட்டுரை எழுதினார். குடி ஒரு நோய், அது படிப்படியாக முற்றும், நடுவில் தானாக நிற்காது, அடிமட்டத்தைத் தொட்ட பிறகே மீட்சி தொடங்கும் என்று உலகெங்கும் மறுவாழ்வு மையங்களில் பாடம் சொல்லப் பயன்படும் அந்த வளைகோட்டுப் படத்தின் வேர் இந்தக் கட்டுரையில்தான் இருக்கிறது.

அந்த 98 பேரும் ஒரே இயக்கத்தைச் சேர்ந்தவர்கள். தங்கள் கதையைக் கூட்டங்களில் பலமுறை சொல்லிப் பழகியவர்கள். கேள்விகளைத் தயாரித்ததும் அதே இயக்கத்துக்காரர்கள். தானாகவே குடியைக் குறைத்துக்கொண்டவர், முப்பது வயதில் யாரிடமும் சொல்லாமல் விட்டவர், குடித்தே செத்தவர் ஆகியோரிடம் அந்தத் தாள் போகவே இல்லை. தரவுகளின் குறைபாட்டை ஜெல்லினெக்கும் எழுதியே வைத்தார். பின்னால் வந்தவர்கள் படத்தை எடுத்துக்கொண்டார்கள், எச்சரிக்கையை விட்டுவிட்டார்கள்.

குடி பாவமா, குற்றமா, நோயா, பழக்கமா என்ற வழக்கு இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாக நடக்கிறது. அறிவியல் முன்னேற முன்னேற ஒரு விளக்கம் இன்னொன்றை வென்றது என்று பாடநூல்கள் வரிசைப்படுத்துவதுண்டு. எனக்கு அந்த வரிசையில் நம்பிக்கையில்லை. ஒவ்வொரு விளக்கமும் அதைச் சொன்னவரின் வாசலுக்கு வந்துசேர்ந்த குடிகாரர்களைப் பார்த்து எழுதப்பட்டது. வேறு வாசலில் நின்று பார்த்தவருக்கு வேறு நோய் தெரிந்தது.

பிரசங்க மேடையிலிருந்து கப்பல் தளத்துக்கு

காலனி கால அமெரிக்காவில் மதுவின்மீது பாதிரியார்களுக்குப் பெரிய பகை இல்லை. மது கடவுளிடமிருந்து வருகிறது, குடிகாரன்தான் சாத்தானிடமிருந்து வருகிறான் என்று 1673-இல் இன்கிரீஸ் மேதர் பிரசங்கித்தார். அளவு மீறிக் குடிப்பவன் ஆசைப்பட்டுக் குடிக்கிறான், அவ்வளவுதான். அவனே விட நினைத்தாலும் விட முடியாமல் போகலாம் என்ற எண்ணம் அன்றைய பேச்சில் அரிது.

அந்த எண்ணத்தைப் பரவலாக்கியவர்களில் முதன்மையானவர் பிலடெல்பியா மருத்துவர் பெஞ்சமின் ரஷ். அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர், விடுதலைப் போர்க்காலப் படையில் மருத்துவ அதிகாரியாக இருந்தவர். ரம் குடித்துச் சீரழிந்த சிப்பாய்களைக் கண்ணால் பார்த்தவர். 1784-இல் அவர் எழுதிய சிறுநூல் காய்ச்சி வடித்த சாராய வகைகளை மட்டுமே குறிவைத்தது. பீரையும் திராட்சை மதுவையும் மாற்றாகப் பரிந்துரைக்கவும் செய்தது. விருப்பத்தில் தொடங்கும் குடி பழக்கமாகி, கடைசியில் கட்டாயமாகிவிடுகிறது, அதன்பின் நோயுற்றிருப்பது மனவுறுதியே என்பது அவருடைய வாதம்.

அவருடைய சிகிச்சைகளைப் படித்தால் இன்றைக்கு முகம் சுளிக்க வேண்டியிருக்கும். சாராயப் பிரியரான ஒரு கறுப்பின மனிதரின் கைக்கெட்டும் இடத்தில் வாந்தி மருந்து கலந்த ரம்மை வைத்து, அவர் விஷம் குடித்துவிட்டதாகவே நம்பும் அளவுக்கு வாந்தி எடுக்கவைத்ததையும், அதன்பின் இரண்டு ஆண்டுகள் அவருக்குச் சாராய வாடையே பிடிக்காமல் போனதையும் ரஷ் பெருமையாக எழுதியிருக்கிறார். அந்த மனிதரிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. குடியோடு அருவருப்பைச் சேர்த்துக் கட்டும் இந்த உத்தி 1948-இல் டென்மார்க்கிலிருந்து மாத்திரையாகத் திரும்பி வந்தது. ஜென்ஸ் ஹால்ட், எரிக் ஜேக்கப்சன் என்ற இருவர் வேறு நோக்கத்துக்காக டைசல்ஃபிராம் மருந்தைத் தாங்களே விழுங்கிப் பார்த்தார்கள். அதன்பின் மது அருந்தியபோது முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, குமட்டியதைக் கவனித்தார்கள். மது உடைந்து உருவாகும் அசிட்டால்டிஹைடை மேற்கொண்டு சிதைக்க விடாமல் அந்த மருந்து தடுப்பதே காரணம்.

ரஷ்ஷின் காலத்திலேயே பிரிட்டனில் தாமஸ் டிராட்டர் என்ற கடற்படை மருத்துவர் இதே கேள்வியை இன்னும் நிதானமாக அணுகினார். கப்பலில் மாலுமிகளுக்கு அன்றாடம் ரம் படியளந்த காலம் அது. 1804-இல் வெளியான நூலில், குடிப்பழக்கம் மனத்தின் நோய் என்று எழுதினார். மருத்துவர் முதலில் நோயாளியின் நம்பிக்கையைப் பெற வேண்டும், அவர் எதற்காகக் குடிக்கிறார் என்று புரிந்துகொள்ள வேண்டும் என்றும் சொன்னார். பிரசங்கமும் தண்டனையும் வேலைக்கு ஆகாது என்ற அவருடைய எரிச்சல் எழுத்தில் தெரிகிறது. சுவீடனில் மாக்னஸ் ஹஸ் 1849-இல் 'ஆல்கஹாலிசம்' என்ற பெயரைத் தந்தார். மருத்துவமனைக் கட்டிலில் கிடந்தவர்களைப் பார்த்த அவருக்குத் தெரிந்தது நரம்புத் தளர்ச்சி, நடுக்கம், கெட்டுப்போன உள்ளுறுப்புகள். ஏன் விட முடியவில்லை என்பது அவருடைய முதன்மைக் கேள்வியாக இருக்கவில்லை.

பழி பாட்டிலிலிருந்து மனிதனுக்கு மாறிய கதை

1840-இல் பால்டிமோர் நகரில் ஒரு மதுக்கடையில் கூடியிருந்த ஆறு குடிகாரர்கள் இனிக் குடிப்பதில்லை என்று உறுதி எடுத்துக்கொண்டு வாஷிங்டனியன் சங்கத்தைத் தொடங்கினார்கள். அங்கே பாதிரியாருக்கும் மருத்துவருக்கும் வேலை இல்லை. குடித்தவன் எழுந்து நின்று தன் கதையைச் சொல்வான், கேட்டுக்கொண்டிருக்கும் இன்னொருவன் எழுந்து வருவான். லட்சக்கணக்கானோர் உறுதிமொழியில் கையெழுத்திட்டார்கள். 1842-இல் ஆபிரகாம் லிங்கன் அவர்கள் மேடையில் பேசினார். குடிக்கு இரையாகாதவர்கள் இரையானவர்களைவிட நல்லவர்கள் என்பதல்ல, அவர்களில் பலருக்கு அந்த வேட்கை வாய்க்கவில்லை என்பதே வேறுபாடு என்ற பொருளில் அவர் பேசியது கூடியிருந்த பக்திமான்கள் சிலருக்குக் கசந்திருக்கும். சில ஆண்டுகளில் அரசியலும் உட்பூசலும் சேர்ந்து அந்தச் சங்கத்தைக் கரைத்துவிட்டன. மதுவிலக்குச் சட்டம் கேட்டுப் போராடியவர்கள் அதன் ஆட்களை இழுத்துக்கொண்டார்கள்.

அந்த மதுவிலக்கு இயக்கத்தின் பார்வை எளிமையானது. நஞ்சு பாட்டிலில் இருக்கிறது, யார் தொட்டாலும் பிடித்துக்கொள்ளும், ஆகவே பாட்டிலை ஒழிக்க வேண்டும். குடிகாரனை அவர்கள் பலியானவனாகப் பார்த்தார்கள். இடையில் குடிகாரர்களுக்கென்றே காப்பகங்கள் கட்டப்பட்டன. நியூயார்க் மாநிலத்தில் பிங்ஹாம்டன் காப்பகம் 1864-இல் திறக்கப்பட்டது. லெஸ்லி கீலி என்பவர் தங்கம் கலந்த ஊசி என்று விளம்பரம் செய்து ஊர் ஊராகக் கிளைகள் திறந்து சம்பாதித்தார். 1920-இல் அமெரிக்கா முழுவதும் மதுவிலக்கு வந்தபோது, இனிக் குடிகாரர்களே இருக்கப்போவதில்லை என்ற நினைப்பில் சிகிச்சை நிலையங்கள் பலவும் மூடப்பட்டுவிட்டன.

1933-இல் மதுவிலக்கு நீங்கியது. இந்த வரலாற்றின் பெரிய திருப்பம் இங்கேதான் இருக்கிறது, அது எந்த ஆய்வுக்கூடத்திலும் நடக்கவில்லை. பெரும்பாலோர் குடிக்கிறார்கள், பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லித்தான் சட்டத்தை நீக்கினார்கள். அப்படியானால் மதுவைக் குறை சொல்ல முடியாது. சிலர் மட்டும் ஏன் அழிகிறார்கள்? அவர்களிடம் ஏதோ ஒன்று வித்தியாசமாக இருக்கிறது. பழி பாட்டிலை விட்டு மனிதனின் உடலுக்கு மாறியது. இந்த விளக்கம் எல்லோருக்கும் வசதியாக இருந்தது. குடியால் அழிந்தவருக்கு அவமானம் குறைந்தது. அளவோடு குடிப்பவருக்கு உறுத்தல் இல்லை. ஆய்வாளருக்கு மதுவிலக்குச் சண்டையில் சிக்காத ஆய்வுப்பொருள் கிடைத்தது. மது விற்பவருக்கு இதைவிட நல்ல செய்தி இருக்க முடியாது. விளக்கம் வசதியானது என்பதாலேயே பொய்யாகிவிடாது. ஆனால் சான்று வருவதற்கு முன்பே அதற்கு இத்தனை நண்பர்கள் கிடைத்துவிட்டார்கள் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் பிறந்தது இந்தக் காற்றில். நியூயார்க் பங்குத் தரகர் பில் வில்சன் 1934-இல் டவுன்ஸ் மருத்துவமனையில் கிடந்தபோது, குடி உடலின் ஒவ்வாமை, மனத்தின் பித்து என்று மருத்துவர் வில்லியம் சில்க்வொர்த் விளக்கினார். ஒவ்வாமை என்பதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை. ஆனால் 'நீ கெட்டவன் இல்லை, உன் உடம்பு வேறு மாதிரி' என்ற சொல் வில்சனைத் தாங்கியது. 1935-இல் வியாபார விஷயமாக ஆக்ரன் நகருக்குப் போனவர், காரியம் கெட்டு, விடுதியின் மதுக்கூடம் கண்ணில் பட, பேசுவதற்கு இன்னொரு குடிகாரரைத் தேடினார். கிடைத்தவர் அறுவை மருத்துவர் பாப் ஸ்மித். அவர் கடைசியாகக் குடித்த நாளாகக் கொள்ளப்படும் ஜூன் 10, 1935-ஐயே இயக்கம் தன் பிறந்த நாளாக வைத்திருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு குழு என்ற கிறித்துவ இயக்கத்திடமிருந்து பாவ அறிக்கை, பரிகாரம், அடுத்தவருக்கு உதவி ஆகியவற்றை எடுத்துக்கொண்டு, கடவுளை அவரவர் புரிந்துகொண்டபடி என்று தளர்த்தி, குடியிலிருந்து மீள்வதற்கான பன்னிரண்டு படிகளை 1939-இல் அச்சிட்டார்கள்.

குடி நோய் என்ற கோட்பாட்டை இந்த இயக்கத்தோடு சேர்த்தே இன்று எல்லோரும் பேசுகிறார்கள். வில்சனோ எச்சரிக்கையாகவே இருந்தார். மருத்துவர்கள் வரையறுப்பது போன்ற தனி நோய் இது இல்லை என்பதால் அந்தச் சொல்லைத் தவிர்த்துவந்ததாக 1960களின் தொடக்கத்தில் பாதிரியார்களின் கூட்டம் ஒன்றில் சொன்னார். அதை ஊருக்குக் கொண்டுசேர்த்தவர் மார்ட்டி மான். தானே குடியிலிருந்து மீண்ட அவர் 1944-இல் ஓர் அமைப்பைத் தொடங்கி, குடிநோயாளி நோயாளியே, அவருக்கு உதவ முடியும், உதவத் தகுந்தவர் அவர், இது பொதுச் சுகாதாரப் பிரச்சினை என்று நாடு முழுவதும் பேசினார். 1956-இல் அமெரிக்க மருத்துவச் சங்கம், குடிநோயாளிகளைப் பொது மருத்துவமனைகள் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று தீர்மானம் போட்டது. கதவடைத்துத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்த காலத்தில் அது சிறிய விஷயமில்லை.

ஜெல்லினெக் 1960-இல் எழுதிய நூலில் ஐந்து வகைக் குடிகளைப் பிரித்து, கிரேக்க எழுத்துகளால் பெயரிட்டு, இரண்டை மட்டுமே நோய் என்றார். தொடங்கினால் நிறுத்த முடியாத அமெரிக்க வகை ஒன்று. நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து, வெறிக்காமலும் விட முடியாமலும் இருக்கும் பிரெஞ்சு வகை இன்னொன்று. ஊருக்கு ஊர் நோயின் வடிவமே மாறுகிறது என்ற அந்தக் கவனிப்புதான் நூலின் ஆகச் சிறந்த பகுதி என்பது என் கணிப்பு. யாரும் அதை எடுத்துக்கொள்ளவில்லை.

நீதிமன்றத்தில் கோட்பாடு இன்னும் தடுமாறியது. பொது இடத்தில் குடித்திருந்ததற்காகத் திரும்பத் திரும்பக் கைதான ஒருவர், நோய்க்காக எப்படித் தண்டிக்கலாம் என்று கேட்ட பவல் வழக்கில் 1968-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தண்டனையை உறுதிசெய்தது. இது என்ன நோய் என்பதில் மருத்துவர்களுக்குள்ளேயே உடன்பாடு இல்லை என்று தீர்ப்பு சுட்டியது.

ஆய்வுக்கூடத்துக்கு வந்தபோது

சோதித்துப் பார்க்கத் தொடங்கியதும் சில விஷயங்கள் உறுதியாயின, சில உடைந்தன. உறுதியானது உடல் மதுவைச் சார்ந்துபோவது. நீண்ட நாள் குடித்தவருக்கு வரும் வலிப்பும், இல்லாததைக் கண்டு அலறும் டெலீரியம் நிலையும் சத்துக் குறைவால் வருகின்றனவா, குடியை நிறுத்துவதால் வருகின்றனவா என்ற சந்தேகம் 1955-இல் தீர்ந்தது. கென்டக்கியின் லெக்சிங்டனில் ஹாரிஸ் இஸ்பெல் குழு, மார்ஃபினுக்கு அடிமையாயிருந்த தன்னார்வலர்களுக்கு நல்ல உணவோடு வாரக்கணக்கில் மது கொடுத்து, திடீரென நிறுத்திப் பார்த்தது. நடுக்கமும் வலிப்பும் பிதற்றலும் வந்தன. தண்டனைக் கைதிகள்மேல் நடந்த அந்தச் சோதனையை இன்று எந்த அறநெறிக் குழுவும் அனுமதிக்காது. ஆனால் அன்றாடம் பெருமளவு குடித்து, காலையில் கை நடுங்குகிறவர் வீட்டிலேயே ஒரேயடியாக நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து, மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும் என்ற அறிவுரை இத்தகைய சான்றுகளின்மேல் நிற்கிறது.

உடைந்தது, ஒரு மிடறு உள்ளே போனால் உடம்பே மீதியைக் கேட்கும் என்ற நம்பிக்கை. 1973-இல் ஆலன் மார்லட் குழு குடிநோயாளிகளுக்கு டானிக் நீர் கலந்த வோட்காவையோ வெறும் டானிக் நீரையோ கொடுத்து, ருசி பார்க்கச் சொன்னது. ஒரு பாதிப் பேரிடம் உள்ளே இருப்பதற்கு நேர்மாறாகச் சொல்லப்பட்டது. அதிகம் குடித்தவர்கள், வோட்கா என்று நம்பியவர்கள். கோப்பையில் உண்மையில் என்ன இருந்தது என்பது பெரிய வேறுபாட்டைத் தரவில்லை.

இதற்கு முன்பே லண்டன் மாட்ஸ்லி மருத்துவமனையின் டி. எல். டேவிஸ், தன் 93 நோயாளிகளில் 7 பேர் பல ஆண்டுகளாகச் சாதாரணமாகக் குடிக்கிறார்கள் என்று 1962-இல் எழுதியபோது பெரிய எதிர்ப்பு கிளம்பியது. பல ஆண்டுகள் கழித்து மனநல மருத்துவர் கிரிஃபித் எட்வர்ட்ஸ் அதே எழுவரைத் தேடிப்போய் விசாரித்தார். பெரும்பாலோருக்கு நிலைமை டேவிஸ் எழுதிய அளவு நன்றாக இருந்திருக்கவில்லை. கலிபோர்னியாவில் மார்க், லிண்டா சோபெல் தம்பதியர் அளவோடு குடிக்கப் பயிற்சி கொடுத்துப் பார்த்த ஆய்வு இன்னும் பெரிய சண்டையானது. பயிற்சி பெற்றவர்களில் பலர் சீரழிந்தார்கள் என்று 1982-இல் 'சயின்ஸ்' இதழில் கட்டுரை வந்தது, மோசடி என்றும் பேச்சு எழுந்தது. விசாரணைக் குழு மோசடி இல்லை என்று தீர்த்தது. மறுப்புக் கட்டுரை எழுதியவர்கள், குடியை அடியோடு விடும் முழுவிலக்குச் சிகிச்சை பெற்ற ஒப்பீட்டுக் குழு என்ன ஆனது என்று சொல்லவே இல்லை. அந்தக் குழுவும் நன்றாக இருக்கவில்லை. இரு தரப்பாரும் தங்கள் தங்கள் நோயாளிகளைக் காட்டியே வாதாடினார்கள்.

சிகிச்சை பற்றிய நம்பிக்கைகளும் அடிவாங்கின. 1977-இல் எட்வர்ட்ஸ் குழு 100 ஆண்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு மாதக்கணக்கில் முழுச் சிகிச்சையும், மறு பாதிக்கு மனைவியோடு உட்கார வைத்து ஒரே ஒரு முறை அறிவுரையும் கொடுத்தது. ஓராண்டு முடிவில் இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. அமெரிக்காவில் 1,726 பேரை வைத்து நடந்து 1997-இல் முடிவு வெளியான 'புராஜெக்ட் மேட்ச்' ஆய்விலும், பன்னிரண்டு படி வழி, நடத்தைச் சிகிச்சை, ஊக்கமூட்டும் உரையாடல் ஆகிய மூன்றும் ஏறத்தாழ ஒரே அளவே பலன் தந்தன. பன்னிரண்டு படிகளைக் கேலி செய்தவர்களுக்கு 2020-இல் ஒரு பதில் கிடைத்தது. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 27 ஆய்வுகளைக் கொண்டு செய்த மதிப்பாய்வு, முறைப்படி அந்த வழியில் சேர்த்துவிடுவது முழுவிலக்கை எட்ட மற்றச் சிகிச்சைகளைவிடக் கூடுதலாகவே உதவுகிறது என்றது. ஒவ்வாமை பற்றிய விளக்கம் தவறு, ஆனால் கூட்டம் வேலை செய்கிறது. கோட்பாடு பிழையாக இருந்தும் மருந்து பலிப்பது மருத்துவ வரலாற்றில் புதிதில்லை.

அந்தக் கூட்டமும் எல்லோருக்கும் பொருந்தவில்லை. ஆணவத்தை அடக்கு என்பது ஆண்களுக்குச் சரி, ஏற்கெனவே தன்னை வெறுக்கும் பெண்ணுக்கு அது என்ன செய்யும் என்று கேட்டு, ஜீன் கர்க்பாட்ரிக் 1970களின் நடுவில் பெண்களுக்கென்று தனி அமைப்பைத் தொடங்கினார். ஜெல்லினெக் ஒதுக்கிவைத்த தாள்கள் எனக்கு இந்த இடத்தில் நினைவுக்கு வரும்.

வாசலுக்கு வராதவர்கள்

1984-இல் பட்ரீசியா கோஹனும் ஜேக்கப் கோஹனும் இந்தச் சிக்கலுக்கு 'மருத்துவரின் மாயை' என்று பெயர் வைத்தார்கள். எந்த நாளிலும் சிகிச்சையகத்தில் நிறைந்திருப்பவர்கள் நெடுநாள் நோயாளிகள்தாம். சீக்கிரம் குணமானவர் திரும்ப வருவதில்லை. ஆகவே மருத்துவருக்கு நோய் எப்போதும் இருப்பதைவிடக் கொடியதாகவே தெரியும்.

மருத்துவமனைக்குப் போகாமல் வீடு வீடாகப் போய் விசாரித்தபோது வந்த படம் வேறு. 2001–2002-இல் அமெரிக்காவில் நடந்த பெரிய கணக்கெடுப்பில், ஓராண்டுக்கு முன்போ அதற்கும் முன்போ மதுச் சார்பு இருந்தவர்கள் நாலாயிரத்துக்கு மேல் கிடைத்தார்கள். அவர்களில் கால்வாசிப் பேரே கணக்கெடுப்புக்கு முந்தைய ஓராண்டிலும் அந்நிலையில் இருந்தார்கள். நூற்றுக்கு 36 பேர் முழுமையாக மீண்டிருந்தார்கள். மீண்டவர்களில் ஏறத்தாழ சரிபாதிப் பேர் குடியைச் சுத்தமாக விட்டவர்கள், மறுபாதிப் பேர் குறைந்த அளவோடு நிறுத்திக்கொண்டவர்கள். எப்போதாவது சிகிச்சை பெற்றவர்கள் கால்வாசிப் பேர் மட்டுமே. தீவிரமாகச் சார்ந்துபோனவருக்கும் ஈரல் கெட்டவருக்கும் முழுவிலக்கே பாதுகாப்பானது என்ற மருத்துவ அறிவுரையை இந்த எண்கள் மாற்றவில்லை. நடுவில் நிற்காத, தானாகத் திரும்பாத நோய் என்ற வரைபடத்தை மட்டும் மாற்றுகின்றன.

எட்வர்ட்ஸும் மில்டன் கிராஸும் 1976-லேயே இதைப் படிநிலைகள் கொண்டதாக, லேசானதிலிருந்து கடுமையானது வரை நீளும் ஒன்றாக விவரித்திருந்தார்கள். 2013-இல் வந்த அமெரிக்க மனநல வகைப்பாடு 11 அறிகுறிகளை அடுக்கி, இரண்டு மூன்று இருந்தால் லேசு, நான்கைந்து நடுத்தரம், ஆறோ அதற்கு மேலோ தீவிரம் என்று வைத்தது. குடிநோயாளி, குடிநோயாளி இல்லாதவர் என்ற பழைய கோடு புத்தகத்திலிருந்து போய்விட்டது.

இதற்கிடையே அடிமைத்தனம் மூளை நோய் என்று அமெரிக்கத் தேசியப் போதைப்பொருள் ஆய்வு நிறுவனத்தின் இயக்குநராக இருந்த ஆலன் லெஷ்னர் 1997-இல் அறிவித்தார். இரட்டையர், தத்துப் பிள்ளைகள் ஆகியோரிடம் நடந்த ஆய்வுகள் மரபின் பங்கு ஏறத்தாழ பாதி என்று காட்டியிருந்தன. நோய் என்று விளக்கினால் பழி குறையும் என்பது மார்ட்டி மான் காலத்து நம்பிக்கை. 1996-இலும் 2006-இலும் அமெரிக்கர்களிடம் ஒரே கேள்விகளைக் கேட்டுப் பார்த்தார்கள். மதுச் சார்புக்கு மூளையும் மரபும் காரணம் என்றவர்கள் கூடியிருந்தார்கள். குணக்கேடு காரணம் என்றவர்களும் கூடியிருந்தார்கள். ஒரே மனிதர் இரண்டையும் நம்புவதில் அவருக்கு ஒரு சங்கடமும் இல்லை.

மூளைக் கோட்பாட்டின் கையில் மருந்துகளும் இருக்கின்றன. குடியின் இன்பத்தை மங்கவைக்கும் நால்ட்ரெக்சோனுக்கு 1994-இலும், குடியை விட்டவர் விட்டபடியே இருக்க உதவும் அகாம்ப்ரோசேட்டுக்கு 2004-இலும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பலன் அளவானது, ஆனால் உண்மையானது. 2019-இல் அங்கே மதுப் பயன்பாட்டுக் கோளாறு இருந்தவர்களில் இத்தகைய மருந்தை எடுத்துக்கொண்டவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. பன்னிரண்டு படிகளில் வளர்ந்த மறுவாழ்வு மையங்கள் பலவற்றுக்கு மாத்திரை என்றாலே சந்தேகம். குடும்ப மருத்துவர்களோ, குடி என்றால் அது மையங்களின் வேலை என்று சீட்டெழுதாமல் அனுப்பிவிடுகிறார்கள்.